கீழ் ஆலை வாசலில் எடுத்த படம்

என் அம்மாவிடம் முதுகைக் காட்டிக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அடுப்பைக் கிளறிக்கொண்டோ தட்டைக் கழுவிக்கொண்டோ நான் ஏதாவது பேசினால், கரண்டியால் மேசையைத் தட்டுவாள். "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு" என்பாள். அவளுக்குக் காது கேட்காமல் போனது ஐம்பது வயதுக்கு மேல்தான். ஆனால் இந்தப் பழக்கம் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே உண்டு. போன மாதம் அவளை எங்கள் ஊரான ஹாக்ஸ்கிளஃபில், சிற்றாலயத்துக்குப் பின்னால், அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். முப்பத்தெட்டு வருடமாக அவளுக்காகக் காலியாகக் கிடந்த இடம்.

அவள் பெயர் தர்ஸா ஹால்ஸ்டெட். பத்து வயதில் காலையில் ஆலைக்கும் மதியம் பள்ளிக்கும் போகத் தொடங்கினாள். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு முழுநேரமும் ஆலைக்குப் போனாள். முதலில் இரண்டு தறி, பிறகு மூன்று. இருபத்தொரு வயதில் கீழ் ஆலையில் அவளுக்கு நாலு தறி கொடுத்தார்கள். எங்கள் ஊரில் நாலு தறி ஓட்டும் பெண் தெருவில் நடக்கும்போதே தெரியும். மரக்கட்டைச் செருப்பின் சத்தம் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கும்.

எண்ணூறு தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் கொட்டகையில் கத்திப் பேசிப் பயனில்லை. அதனால் எல்லோரும் உதட்டால் பேசினார்கள். குரலே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வாயால் பெரிதாக வளைத்து, புருவத்தையும் தோளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பேசுவார்கள். நாலு வரிசை தள்ளி நிற்பவளோடு ஒரு முழு வம்பைப் பேசி முடித்துவிடலாம். ஆலைக்கு வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. எதிர்வீட்டு ஜன்னலுக்கு, சந்தையின் அடுத்த கோடிக்கு, சிற்றாலயத்தில் பிரசங்கத்துக்கு நடுவே, எல்லாம் உதட்டுப் பேச்சுத்தான். ஒருவர் சொல்வது பிடிக்கவில்லையென்றால் காதைப் பொத்த வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அவர் சொன்னது சொல்லாததாகிவிடும். கல்யாணமான பெண்களிடம் இதைவிடப் பெரிய ஆயுதம் எங்கள் ஊரில் இருக்கவில்லை.

1900ஆம் வருடம் ஆகஸ்டில் அம்மா அந்த ஆயுதத்தை மூன்று நாள் தொடர்ந்து எடுத்தாள். அப்போது நான் அவள் வயிற்றில் இருந்தேன். அது அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். அப்பாவின் பெயர் எனாக். அதே ஆலையின் கிடங்கில் துணிக்கட்டுகளைக் கால்வாய்ப் படகில் ஏற்றுகிற வேலை. சண்டை எப்படித் தொடங்கியது என்று அம்மாவே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"கிறிஸ்துமஸோட தறியை விட்டுடு, தர்ஸா. உன்னை உக்காரவச்சுக் காப்பாத்த எனக்குத் துப்பில்லையா?"

"உக்காந்து என்ன பண்றது? சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கவா? நாலு தறி கைக்கு வர எனக்கு எட்டு வருஷம் ஆச்சு. அதை எவகிட்டயோ தூக்கிக் குடுத்துட்டு வரணுமா?"

"பொறக்கறதை யாரு பாத்துக்குவா?"

"பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம் இல்ல. இப்பவே சொல்லு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இரவு திருப்பிய முகத்தைப் புதன்கிழமை வரை திரும்ப வைக்கவில்லை. உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பாளாம். அப்பாவும் பிடிவாதக்காரர். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் சண்டையைச் சத்தமாகப் போடுவது பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குச் சமம்.

புதன்கிழமை நண்பகலில், சாப்பாட்டுச் சங்கு ஊதும் நேரத்துக்கு, ஆலை வாசலுக்கு எதிரே ஒருவர் மூன்று கால் கொண்ட பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். அவர் தம்மை புரொஃபசர் டங்கர்லி என்று சொல்லிக்கொண்டார். எந்தப் பள்ளியில் என்று யாரும் கேட்கவில்லை. உயரமான தொப்பி, பின்னால் ஒரு பலகை. 'உங்களையே திரையில் பாருங்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணி, கூட்டுறவுச் சங்கக் கூடம்.' அந்தக் காலத்தில் நகரும் படம் காட்டுகிறவர்கள் இப்படித்தான் கூட்டம் சேர்த்தார்கள். தூரத்து ஊர் ரயிலையும் கடல் அலையையும் பார்க்க வராதவன்கூடத் தன் மூஞ்சியைப் பார்க்க வந்துவிடுவான்.

"நடந்துகிட்டே இருங்க. யாரும் நிக்காதீங்க. பெட்டியைப் பாக்காதீங்க" என்று அவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கத்தினார். எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

அன்று எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். நெசவாளிகளைத் தவிர வேறு யாருக்கும் அது தப்பாகவே ஆகியிருக்காது. இந்தப் பெட்டிக்குக் காது கிடையாது, என்ன பேசினாலும் பதியாது என்று யாரோ சொன்னார்கள். உடனே ஆளாளுக்கு உதட்டைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு டேமர் அத்தை, வாசல் தூணில் சாய்ந்து நின்ற மேஸ்திரி ஜேபஸைக் கண்ணால் காட்டி, "மூஞ்சியைப் பாரு, மழையில நனைஞ்ச பூட்ஸ் மாதிரி" என்று பெட்டியிடமே சொன்னாள். மேனேஜரின் வயிற்றைப் பற்றி, அவர் மனைவியின் தொப்பியைப் பற்றி எல்லாம் சொல்லப்பட்டன. பெட்டிக்குக் காது இல்லைதான். நமக்குத்தான் காதே தேவையில்லை என்பது அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் பெட்டியை நோக்கி நடந்து வந்தாள். பின்னால் கிடங்குப் பக்கத்திலிருந்து அப்பா வந்து, வாசலில் நின்று, அவளை அழைத்து ஏதோ சொன்னார். மரச்செருப்புகளின் இரைச்சலில் குரல் எடுபடாது. அவர் பேசுவது அம்மாவுக்குத் தெரியும். முதுகில் தெரிந்தது என்பாள். திரும்பவில்லை. மற்ற எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

மதியம் மூன்று மணிக்குக் கால்வாய்க் கரையில் கட்டுத் தூக்கும் சங்கிலி அறுந்தது. அப்பா கீழே நின்றிருந்தார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் அடக்கம் முடியும்வரை எல்லா வீட்டு ஜன்னல் திரையும் இறங்கியிருக்கும். விதவை வாசலைத் தாண்ட மாட்டாள். அம்மா வெள்ளிக்கிழமை காலையில் கறுப்புச் சால்வையோடு தாண்டினாள். திரைகளின் ஓரம் ஒவ்வொன்றாக விலகியதாம். படக்காரர் தங்கியிருந்த விடுதிக்கு நேராகப் போனாள். அவர் மேசை மேல் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, படச்சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருன்னு தெரியும்மா" என்று எழுந்து நின்றார். "கவலைப்படாதீங்க. அவர் வர்ற இடத்தை வெட்டிடறேன். எனக்கும் ஈவிரக்கம் உண்டு."

"வெட்டாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"செத்தவரைக் காட்டிக் கூட்டம் சேக்கறான்னு என்னைப் பேசுவாங்களே."

"அதுல அவரு சாகலையே. நின்னு பேசிக்கிட்டுத்தானே இருக்காரு?"

அவர் சுருளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். "ஆமா. வாய் அசையுது. ஆனா என்ன பேசறாருன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மாவும் சுருளை உற்றுப் பார்த்தாள். அந்தச் சின்னச் சின்னப் படங்களில் ஒன்றும் படிக்க முடியாது, ஒவ்வொன்றிலும் வாய் உறைந்து நின்றது என்றாள் என்னிடம். ஓடினால்தான் அது பேச்சு. கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, அவருடைய கோட்டுப் பைக்குள் தானே போட்டுவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை மதியம் அடக்கம். வீட்டில் வழக்கம்போல வேகவைத்த பன்றித் தொடைக்கறி, தேநீர், விதைக் கேக். ஆறரை மணிக்கு அம்மா எழுந்து சால்வையை எடுத்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்று டேமர் அத்தை கேட்டாள்.

"படம் பாக்க."

அறையே தட்டை வைத்துவிட்டுப் பார்த்தது.

"பைத்தியமா உனக்கு? புருஷனைப் பொதைச்சு மண்ணு காயல. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றதை அப்புறம் கேக்கறேன். அவரு சொன்னதை முதல்ல கேக்கணும். நான்தான் திரும்பலையே, டேமர்."

டேமர் அத்தை தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு, "இரு, என் சால்வையையும் எடுத்துக்கறேன்" என்றாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. கறுப்பு உடையில் அம்மா நுழைந்ததும் முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள், நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லாமல். முதலில் ரயில் வந்தது, அலை வந்தது, தென்னாப்பிரிக்கப் போருக்குக் கப்பல் ஏறும் சிப்பாய்கள் வந்தார்கள். பிறகு எங்கள் ஆலை வாசல் வந்தது.

முதலில் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சிரிப்பு வெடித்தது. திரையில் யார் எதைச் சொன்னாலும் கூடம் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னது. "மழையில நனைஞ்ச பூட்ஸ்" என்று முந்நூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். மேஸ்திரி ஜேபஸ் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் நெசவாளிதான். டேமர் அத்தை சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்புக்கு ஒரு காரணமும் இல்லாத இடத்தில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று படக்காரர் குழம்பி, சுருள் தலைகீழாக ஓடுகிறதோ என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.

அப்போது அம்மா திரையில் வந்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, கல் போன்ற முகத்தோடு வந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், வாசலில், அப்பா.

கூடம் அடங்கியது. இயந்திரத்தின் கைப்பிடி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. அப்பா கையைத் தூக்கி அழைத்தார். ஒவ்வொரு சொல்லாக, கொட்டகையில் பேசுவதுபோலப் பெரிதாக, நிதானமாகச் சொன்னார். 'சரி, உன் இஷ்டப்படியே இரு. நாலு தறியும் உனக்கே.' அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தபோது, நெருங்கி வந்துகொண்டிருந்த அம்மாவின் தலையே அவரை மறைத்தது. சால்வை திரை முழுவதும் பரவியது. அந்தக் கல் முகம் பெரிதாகிப் பெரிதாகி ஒரு பக்கமாக விலகிப் போனபோது, அப்பா மறுபடி தெரிந்தார். பேச்சை முடித்துக்கொண்டிருந்தார். '...பாப்பாவை நான் பாத்துக்கறேன். தொட்டிலை நான் ஆட்டறேன்.' கைகளால் ஆட்டிக்கூடக் காட்டினார். பிறகு ஒரு பையன் குட்டிக்கரணம் போட்டான், படம் முடிந்தது.

யாரும் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லவில்லை. முந்நூறு பேரும் படித்திருந்தார்கள். நான் பிறக்கப் போகிறேன் என்பது எங்கள் ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது, அன்று மதியம் புதைத்த ஒருவரின் வாயால்.

அம்மா எழுந்து நின்று, "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள். அவர் ஓட்டினார். அவளே மறுபடி வந்து மறைத்தாள். மூன்றாம் தடவை, திரையில் தன் தலை அவரை நெருங்கும்போது அம்மா இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தாளாம். டேமர் அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைக்கப் போய்விடுவாள்.

சாவு வீட்டிலிருந்து படத்துக்குப் போனவள் என்று அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் வாசற்படியில் யாரோ மடித்த துணியும் சின்னக் கம்பளிக் காலுறையும் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒரு தொட்டில் இருந்தது. இன்னும் அது என் அறையில் புத்தகங்களோடு நிற்கிறது.

ஆனால் அம்மாவுக்கு இப்போது ஒரு பயம் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி என்று தெரிந்தால் மேஸ்திரி தறியைக் குறைத்துவிடுவார். முதலில் இரண்டாக்குவார், பிறகு வீட்டுக்கு அனுப்புவார். புருஷனும் இல்லாமல், தறியும் இல்லாமல் போனால் என்ன செய்வது? திங்கட்கிழமை அவள் தறிக்குப் போனபோது ஜேபஸ் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். உதட்டால் பேசினார்.

"நல்ல படம்."

"ஆமாங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல. மேஸ்திரின்னாலே மண்டையில ஒண்ணுமில்லைன்னு ஊரே சொல்லுதில்ல? நனைஞ்ச பூட்ஸுக்கு என்ன தெரியும்?"

எண்ணெய் விட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு தறிக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். ஏழாம் மாதம் வரை நாலு தறியும் அவளிடமே இருந்தன. அப்புறம் டேமர் அத்தையின் நாத்தனார் மகளைத் தற்காலிகமாக நிறுத்தி, அம்மா திரும்பி வந்ததும் மறு பேச்சில்லாமல் நாலையும் அம்மாவிடமே கொடுத்தார். மேஸ்திரிகளின் முட்டாள்தனத்தைப் பற்றி எங்கள் ஊரில் நூறு நகைச்சுவைக் கதை உண்டு. எங்கள் வீட்டில் அவற்றைச் சொல்லக் கூடாது.

நான் 1901 ஜனவரியில், மகாராணி இறந்த வாரத்தில் பிறந்தேன். ஊரெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். இவ்வளவும் அப்பாவுக்கா என்று காய்ச்சலில் அம்மா கேட்டாளாம். வசந்தத்தில் சந்தைத் திடலுக்குப் படக்காரர் மறுபடி வந்தபோது என்னைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்பாவை எனக்குக் காட்ட வேண்டும். டங்கர்லி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"உள்ளூர்ப் படமெல்லாம் அடுத்த ஊருல யாரும் பாக்கறதில்லம்மா. கிழிஞ்சு போச்சு. கழிவுச் சுருளோட சேத்து வித்துட்டேன். உருக்கி வார்னிஷ் பண்றாங்களாம், பூட்ஸுக்குப் பூச."

அம்மா கோபப்படவில்லை. ஆனால் பளபளக்கும் பூட்ஸ் எங்கே தெரிந்தாலும் அவள் பார்வை ஒரு நொடி அங்கே நிற்பதைக் கடைசிவரை பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் தலை மறைத்த அந்த நடுப்பகுதி ஊருக்கே சொந்தமாகிவிட்டது. துணி காயப்போடும் இடத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். 'மூஞ்சியைத் தூக்காதே' என்று சொல்லியிருப்பான் என்பாள் ஒருத்தி. 'ராத்திரி வர நேரமாகும்' என்றிருப்பான் என்பாள் இன்னொருத்தி. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். "அவ்வளவு நேரம் இல்ல. நாலு வார்த்தைதான் இருக்கும்" என்பாள். அந்த நாலு வார்த்தை என்னவாக இருக்கும் என்று தானாக அவள் ஒருபோதும் சொன்னதில்லை.

பிறகு எங்கள் ஊருக்கு நிரந்தரமான படக்கொட்டகை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கூட்டிப் போவாள். திரையில் கதாநாயகி தேம்புவாள், 'உங்களைப் பிரிந்தால் உயிர் தரியேன்' என்று எழுத்து வரும். எழுத்து வருவதற்கு முன்பே முன் வரிசை நெசவாளிப் பெண்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். "என்னம்மா சொல்றா?" என்று நான் சட்டையை இழுப்பேன். "என் காலை மிதிக்கறே, தள்ளி நில்லுங்கறா" என்பாள் அம்மா. பேசும் படம் வந்த முதல் வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குள் காது முக்கால்வாசி போயிருந்தது. "சத்தம் போட்டுப் பேசறோம்னு வாயைத் திறக்கறதே இல்ல இவனுங்க" என்றாள். அப்புறம் போகவில்லை.

என்னை ஆலைக்கு அனுப்பவில்லை. தறிச் சத்தம் என் காதில் விழவே கூடாது என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினாள். அதனால் உதட்டுப் பேச்சு எனக்கு அரைகுறைதான். முதல் தடவை ரயில் ஏறியபோது மூடிய கண்ணாடிக்கு வெளியே நின்று எதையோ நீளமாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. உருக்கமாக ஏதோ சொல்கிறாள் என்று கண் கலங்கித் தலையை ஆட்டினேன். ரயில் நகர்ந்தபோது அவள் திரும்பி நடக்கவில்லை. முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு, யார் யார் மேலோ இடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அன்று என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"உன் பெட்டிக் கயிறு அவுந்திருக்கு, இறுக்கிக் கட்டுன்னேன். நீ மகாராணி மாதிரி தலையாட்டிட்டு உக்காந்திருந்தே."

கடைசி மாதங்களில் பக்கவாதம் அவள் குரலை எடுத்துக்கொண்டது. காது ஏற்கனவே இல்லை. எனக்குப் புரியாதபோது டேமர் அத்தையை அழைத்து வருவேன். எண்பது வயதில் அத்தை அம்மாவின் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, "போர்வை கனக்குதாம்", "ஜேபஸ் பேரன் ஏன் வரலைன்னு கேக்கறா", "உன் தலையைச் சீவச் சொல்றா" என்று எனக்குப் படித்துச் சொல்வாள். ஒரு தடவை டேமர் அத்தையிடமே கேட்டேன், அந்த நடுப்பகுதி என்னவாக இருக்கும் என்று. "அதை உங்கம்மா பாத்துக்கட்டும்டி" என்றாள்.

கடைசி நாள் டேமர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து மழை. பிற்பகலில் விட்டது. நான் ஜன்னல் பக்கம் போய்த் திரையை ஒதுக்கிக்கொண்டே, "மழை நின்னுடுச்சும்மா" என்றேன்.

கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் கையில் அவ்வளவுதான் பலம் இருந்தது.

நான் திரும்பினேன். வெளிச்சம் என் முகத்தில் விழும்படி கட்டிலுக்கு அருகில் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக, வாயைப் பெரிதாகத் திறந்து மறுபடி சொன்னேன். அம்மா என் உதட்டைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு அவளுடைய உதடு அசைந்தது. டேமர் அத்தை இல்லாமலே எனக்கு அது புரிந்தது.

துணியைக் கொண்டு போய்க் காயப்போடு என்றாள்.